தீர்ப்பும் பழியும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கி வரும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைத் தாண்டினால் பாறசாலை. பாறசாலையை விட்டுச் சிறிது தூரம் வந்தால் களியக்காவிளை. கேரளம் முடிந்து தமிழகம் தொடங்கும் இடம் அது. அங்கே கடைப் பலகைகளின் எழுத்து மாறும். பேருந்தின் நிறம் மாறும். மண்ணின் நிறமோ, அதில் விளையும் மரவள்ளியோ, தென்னையோ, வாழையோ மாறுவதில்லை. எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்து, இப்பால் பெண் எடுத்து வாழும் குடும்பங்கள் இருபுறமும் ஏராளம். என் தாயார் பிறந்த சிற்றூரும் பாறசாலையை அடுத்ததே.

அந்த ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு காட்சியை நான் சிறுவயதில் பலமுறை கண்டிருக்கிறேன். மாலை ஜெப வேளையில் பாட்டி தமிழ் வேதாகமத்தை விரித்துக்கொண்டு அமர்வாள். பேரன் மலையாள வேதபுஸ்தகத்தை வைத்திருப்பான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் சங்கத்தார் தென் திருவிதாங்கூரில் தமிழ் வழியாகவே பணியாற்றினர். 1840-களில் ஜான் ஆப்ஸ் என்ற பாதிரியார் பாறசாலையில் தங்கி ஊழியம் செய்த காலத்திலும் அவ்வட்டாரத்துச் சபைகளின் மொழி பெரும்பாலும் தமிழாகவே இருந்தது. பின்னர் பள்ளிக்கூடம் மலையாளமாயிற்று, அரசாங்கம் மலையாளமாயிற்று. ஆகவே ஒரே கூரையின்கீழ் இரண்டு மொழிகளில் ஒரே வேதம் ஒலிக்கலாயிற்று.

மொழிபெயர்ப்பே என் பிழைப்பு. மத்திய அரசு அலுவலகத்தில் ஒரு மொழியில் வருவதை மற்றொரு மொழியில் எழுதுபவன் நான். ஆதலால் அந்த இரண்டு வேதங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பிறரை நியாயந்தீர்ப்பது பற்றிக் கிறிஸ்தவ சமயம் என்ன கூறுகிறது என்பதை இன்று உங்களோடு சிந்திக்க விழைகிறேன். அதற்கு அந்த ஒப்பீட்டையே தொடக்கமாகக் கொள்கிறேன்.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரம், இயேசுநாதரின் மலைப் பிரசங்கத்தின் இறுதிப் பகுதி. பிறரை நியாயந்தீர்க்க வேண்டாம் என்ற கட்டளையோடு அது தொடங்குகிறது. மலையாள வேதம் இங்கே 'விதித்தல்' என்ற சொல்லை ஆள்கிறது. ஹென்றி பவர் ஐயரின் தலைமையில் திருத்தப்பெற்று 1871-ஆம் ஆண்டு முழுமையாக வெளிவந்த தமிழ் வேதாகமமோ, 'குற்றவாளி என்று தீர்த்தல்' என்று விரித்துச் சொல்கிறது. இதே இயேசுநாதர் யோவான் சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில், வெளித்தோற்றத்தைக் கொண்டு தீர்க்காமல் நீதியைக் கொண்டு தீர்க்கும்படி மக்களுக்குச் சொல்கிறார். அங்கும் மலையாளத்தில் 'விதித்தல்' என்ற சொல்லே. தமிழில் மட்டும் சொல் மாறுகிறது. 'குற்றவாளி என்று தீர்த்தல்' போய், 'தீர்ப்புச் செய்தல்' வந்துவிடுகிறது.

கிரேக்க மூலத்தில் இரண்டிடத்தும் வினைச்சொல் ஒன்றே. பிரித்தறிதல், முடிவு செய்தல், தண்டனைக்குரியவன் எனக் கூறல் ஆகிய எல்லாப் பொருளும் அந்த ஒரே சொல்லில் அடங்கும். இடத்துக்கேற்ப எப்பொருளைக் கொள்வது என்பது கேட்பவன் பொறுப்பு. மலையாள மொழிபெயர்ப்பாளர் மூலத்தைப் போலவே ஒரு சொல்லால் நிறைவுகொண்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் நின்று, யோசித்து, இரண்டாகப் பிரித்தார்.  ஒரே சொல்லால் நிறைவுகொள்வதே மூலத்துக்கு நெருக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழைய தமிழ் வேதத்தின் அந்தப் பிரிவு ஒரு பெரிய உண்மையைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பது என் கருத்து. தீர்ப்பு வேறு, பழி வேறு. செயலை எடை போடுவது தீர்ப்பு. மனிதனையே எடை போட்டு, 'இவன் இன்னான்' என்று முத்திரை குத்தி மூலையில் வைப்பது பழி. முன்னது நமக்குக் கடமை. பின்னது நமக்கு விலக்கு.

இந்த வேறுபாட்டை மறந்தால் இரண்டு பிழைகளில் ஒன்றில் விழுவோம். எதையும் தீர்க்கக் கூடாது என்று எண்ணுகிறவன், அநியாயத்தைக் கண்டும் வாய்மூடி இருப்பான். திருடனைக் கண்டாலும் 'நமக்கென்ன' என்று போவான். கிறிஸ்துவின் போதனை அதுவாக இருக்க முடியாது. அதே ஏழாம் அதிகாரத்திலேயே அவர், ஆட்டுத்தோல் போர்த்தி வரும் ஓநாய்களைக் குறித்து எச்சரிக்கிறார். மரத்தை அதன் கனியால் அறியச் சொல்கிறார். பகுத்தறியும் கண் இல்லாமல் இவற்றை எப்படிச் செய்வது? நீதிமன்றமும் வேண்டும், நீதிபதியும் வேண்டும், பிள்ளையின் தவற்றைச் சுட்டிக்காட்டும் தந்தையும் வேண்டும்.

மற்றொரு பிழையே நம்மிடம் மிகுதி. அதற்கு அவர் சொன்ன உவமையைச் சமயவேறுபாடின்றி யாவரும் அறிவர். தன் கண்ணில் உத்திரம் கிடக்க, அயலான் கண்ணின் துரும்பை எடுக்க வருகிறான் ஒருவன். தச்சர் குடும்பத்தில் வளர்ந்தவர் கூறிய உவமை அது. உத்திரமும் துரும்பும் ஒரே மரத்தின் பிள்ளைகள் என்பது தச்சனுக்குத் தெரியும். பிறன் குற்றம் நம் கண்ணில் உறுத்துவதற்கு, அதே சாதிக் குற்றம் நம்மிடம் பெரிதாக இருப்பதே பலவேளை காரணமாகிறது. பிறர் குற்றத்தைக் காண்பதுபோலத் தம் குற்றத்தையும் காண வல்லாருக்குத் தீங்கே இல்லை என்ற கருத்தை நம் வள்ளுவரும் புறங்கூறாமையில் வைத்திருக்கிறார். நாசரேத்தூரும் தமிழகமும் இந்த ஓரிடத்தில் கைகோத்து நிற்கின்றன.

உவமையின் முடிவையும் கவனிக்க வேண்டும். முதலில் உன் கண்ணில் உள்ள உத்திரத்தை எடுத்துப் போடு, பிறகு அயலான் துரும்பை எடுக்க உனக்குப் பார்வை தெளியும் என்பதே அதன் சாரம். துரும்பு அப்படியே கிடக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. கண்ணில் விழுந்த துரும்பை எடுக்கும் கை எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதைத் தாய்மார் அறிவர்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் வரலாறு இப்பாடத்துக்கு ஒரு விளக்கவுரைபோல் அமைந்திருக்கிறது.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பழம்பெரும் பலா மரம் ஒன்றின் அடிப்பகுதி பாதுகாக்கப்பட்டு வருகிறது. அம்மச்சிப் பிலாவு என்று அதற்குப் பெயர். இளவரசராயிருந்த மார்த்தாண்ட வர்மா, தம்மைக் கொல்லத் தேடிய பகைவரிடமிருந்து தப்பி, அம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது அவ்வூர் வழக்கு. வழி காட்டியவன் ஒரு சிறுவன் என்றும், அவன் கண்ணனே என்றும் கூறுவர். 1729-இல் அரசரான அவர், திருவிதாங்கூரைப் பெரிய இராச்சியமாக்கினார். 1741-இல் குளச்சல் போரில் டச்சுக்காரரை முறியடித்தார். சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவன் டி லனாயைக் கொல்லாமல், தம் படைக்கே பயிற்சியாளனாக்கிக்கொண்டார். பகைவனிடத்திலும் பயன் கண்ட பெருமகன் அவர்.

அதே அரசரின் காலத்தில், நட்டாலத்தில் 1712-இல் பிறந்து அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை என்பவர், அந்த டி லனாயின் நட்பால் கிறிஸ்தவ சமயத்தை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டார். எருமையின்மேல் ஏற்றி ஊர்தோறும் இழிவுபடுத்தப்பட்டார் என்பது மரபு. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் கோயிலில் அவர் உடல் அடக்கம் பெற்றது. 2012-இல் நாகர்கோவிலில் அருளாளராக உயர்த்தப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-இல் உரோமையில் புனிதர் என அறிவிக்கப்பட்டார். குற்றவாளி என்று எருமைமேல் ஏற்றப்பட்டவரைப் பீடத்தின்மேல் காண 270 ஆண்டுகள் ஆயின.

அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் என்ன, தண்டனைக்கு மெய்யான காரணம் என்ன என்பதில் எழுதுவோரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அவ்வழக்கை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. கிறிஸ்தவ நேயர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். தேவசகாயத்தைப் போற்றும் ஆர்வத்தில், மரப்பொந்தில் நடுங்கி நின்ற அந்த இளைஞனை முழுக் கொடியவன் என்று நாம் பழித்துவிட்டால், மலைப் பிரசங்கத்தைப் படித்தும் பயனில்லை. கொலை தவறு என்று சொல்வது தீர்ப்பு. அரசனின் நெஞ்சத்தைத் திறந்து பார்த்தவர்போல் பேசுவது பழி.

அடுத்த நூற்றாண்டில் இதே மண்ணில், மனிதரைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் தரம் பிரிக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. இன்ன சாதிப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியலாகாது என்பதே அது. எதிரே வருபவள் யார், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டியவள் என்பதை அவளைக் கேளாமலே, அவள் உடையைக் கொண்டு தீர்மானிக்க அது வழி செய்தது. யோவான் சுவிசேஷம் விலக்கிய 'தோற்றத்தின்படியான தீர்ப்பு' அங்கே நாட்டின் வழக்கமாகவே நிலவியது. அதை எதிர்த்துத் தென் திருவிதாங்கூர் நாடார் பெண்கள் பல்லாண்டு போராடினர், சந்தைகளில் அடிபட்டனர், ஆடை கிழிபட்டனர். 1859-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிக்கை வெளிவந்தது. மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது என்று அது கூறியது. அந்தக் கருணையிலும் ஓர் அடையாளம் மிச்சம் வைக்கப்பட்டது. மனிதனைப் பார்த்தவுடன் வகைப்படுத்தும் ஆசை அவ்வளவு எளிதில் மனிதனை விடுவதில்லை.

அந்த ஆசை, போராடியவர்களின் பக்கம் நின்ற பாதிரிமாரையும் விடவில்லை. சார்லஸ் மீட் என்பவரின் வாழ்க்கை அதற்குச் சான்று.

மீட் 1818-இல் நாகர்கோவிலுக்கு வந்தார். பிரிட்டிஷ் ரெசிடென்டு மன்றோவின் பரிந்துரையால், ராணி கௌரி பார்வதி பாயின் அரசு அவரை நாகர்கோவிலில் நீதிபதியாக அமர்த்தியது. சுவிசேஷம் சொல்ல வந்தவர், நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்து வழக்குகளைத் தீர்த்தார். போதகருக்கு இப்பணி பொருந்தாது என்ற எண்ணம் லண்டனில் இருந்த சங்கத்தாருக்கு உண்டாயிற்று. சிறிது காலத்தில் அவர் அப்பதவியை விட்டார். பின்பு அச்சுக்கூடம் நிறுவினார்; பள்ளிகள் திறந்தார்; 1828 முதல் நெய்யூரை இருப்பிடமாகக் கொண்டு பெரும் பணி செய்தார்.

முப்பது ஆண்டுகளுக்குமேல் உழைத்து, மனைவியையும் இழந்திருந்த மீட், அறுபதை எட்டும் வயதில், 1852-இல், லோயிஸ் என்ற கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். அவள் பறையர் குலத்தில் பிறந்தவள். பரலோகத்தில் எல்லோரும் ஒன்று என்று பிரசங்கித்த வெள்ளைப் பாதிரிமார் பலருக்கு, பூலோகத்தில் அந்த ஒருமை பொறுக்கவில்லை. அவரை ஒதுக்கினர். சங்கத்தோடு இருந்த உறவு முறிந்தது. மீட் அதன்பின் திருவிதாங்கூர் அரசின் கல்விப் பணியில் பொறுப்பேற்று, 1873-இல் காலமானார்.

இக்கதையை நான் நினைக்கும்போதெல்லாம் என் மனத்தில் நிற்பது ஒரே மனிதரின் இரு நிலைகள். ஒரு காலத்தில் நீதிபதியாக உயரத்தில் அமர்ந்திருந்தவர், மற்றொரு காலத்தில் தம் சகோதரரின் முன் குற்றவாளியாகக் கீழே நின்றார். இரண்டு இடங்களும் அவ்வளவு அருகில் உள்ளன. நாழியைக் கையில் வைத்திருப்பவனுக்கு, நாளை அதே நாழியால் தனக்கும் அளக்கப்படும் என்ற நினைவு வேண்டும். கொள்வதற்கு ஒரு நாழி, கொடுப்பதற்கு ஒரு நாழி என்று வைத்திருக்கும் வணிகனை ஊர் ஏசும். தீர்ப்பில் மட்டும் நம்மில் பெரும்பாலோர் இரட்டை நாழிக்காரர்களே. நம் பிழைக்குச் சந்தர்ப்பம் காரணம். பிறன் பிழைக்கு அவன் குணம் காரணம் என்பதே நாம் வைத்திருக்கும் அளவை.

வரலாற்றுப் பாத்திரங்களைப் பற்றிப் பேசுவது எளிது. என் சொந்தக் கணக்கையும் உங்கள்முன் வைக்காவிட்டால் இப்பேச்சு முறையாகாது.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம். என் தாயார் ஊரில் தங்கியிருந்தேன். அவ்வூர்ச் சபையின் கணக்குகள் மலையாளத்தில் எழுதப்படும். பழைய அங்கத்தினர் சிலருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்தவர் எழுதிய குறிப்பைத் தமிழாக்கித் தரும்படி கமிட்டியார் என்னைக் கேட்டனர். பட்டம் பெற்ற பெருமையோடு ஒப்புக்கொண்டேன்.

அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு தொகை குறைகிறது என்பதே அந்த மலையாளக் குறிப்பு. 'குறவு காணுன்னு' என்று அதில் இருந்தது. குறைவு காணப்படுகிறது, அவ்வளவே. அது எனக்கு உயிரற்ற வாசகமாகத் தோன்றியது. பொருளாளர் கையில் பணம் புழங்குகிறது, அவர் மகள் கலியாணம் அண்மையில் நடந்தது என்றெல்லாம் ஊரார் பேசிக்கொண்டதை நான் கேட்டிருந்தேன். 'தொகை கையாடப்பட்டுள்ளது' என்று தமிழில் எழுதினேன். ஒரே ஒரு வினைச்சொல்தான் மாறியது. காணப்பட்டது குறைவு, நான் எழுதியது திருட்டு.

ஞாயிறு ஆராதனைக்குப் பின் அது வாசிக்கப்பட்டது. பொருளாளர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து மறுக்கவில்லை, மேல்துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அந்த மௌனமும் அவருக்கு எதிரான சாட்சியாகவே கொள்ளப்பட்டது. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. சில மாதங்களில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, மகள் இருந்த மார்த்தாண்டத்துக்குப் போய்விட்டார்.

மறு ஆண்டுக் கணக்கின்போது அந்தத் தொகை கிடைத்தது. கட்டட நிதிக்கென இருந்த வேறொரு நோட்டில், வேறொருவர் கையெழுத்தில், வரவு வைக்கப்பட்டிருந்தது. கமிட்டியார் இரண்டு வரியில் ஒரு தீர்மானம் எழுதினர். அதையும் நானே தமிழாக்கினேன். இம்முறை ஒரு சொல்லையும் கூட்டவில்லை.

மார்த்தாண்டம் போய் அவரைக் கண்டேன். நான் எழுதிய சொல் அது என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார். தேநீர் கொடுத்தார், வேலை கிடைத்ததா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க நான் தடுமாறியபோது, "எங்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மக்களே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் மீண்டும் அந்தச் சபைக்கு வரவும் இல்லை.

நேயர்களே, அவர் கேட்ட அந்த ஒரு வார்த்தையே கிறிஸ்தவ முறைமை. மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் அது படிப்படியாக வகுக்கப்பட்டுள்ளது. சகோதரன் தவறு செய்தான் என்று தோன்றினால், முதலில் தனியே போய் அவனிடமே பேச வேண்டும். அவன் கேளாவிட்டால் ஒருவர் இருவரைத் துணைக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். நாமோ இந்த ஏணியைத் தலைகீழாக நிறுத்துகிறோம். முதலில் ஊருக்குச் சொல்கிறோம்; பின் உறவினருக்குச் சொல்கிறோம்; குற்றம் சாட்டப்பட்டவனிடம் கடைசியில்தான் போகிறோம், அல்லது போவதேயில்லை. ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு எவனையும் குற்றப்படுத்தலாகாது என்று மோசேயின் நியாயப்பிரமாணமும் விதித்திருந்தது. எங்கள் சபையில் ஒரு சாட்சிகூட இல்லை; ஒரு மொழிபெயர்ப்பாளன் மட்டுமே இருந்தான்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் உங்களுக்கு இது மிக அணுக்கமான செய்தி என்று எண்ணுகிறேன். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் கோரியிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தோடே நின்றது. 1959-இல் தென்னிந்தியத் திருச்சபையும் தன் பேராயத்தைக் கன்னியாகுமரி, தென் கேரளம் என இரண்டாகப் பிரித்துக்கொண்டது. கோடு விழுந்த பிறகு, ஒருவர் பேச்சை வைத்து அவரை அளப்பது மேலும் எளிதாயிற்று. அப்புறத்தில் தமிழ் பேசுகிறவனைப் 'பாண்டி' என்று இகழ்வோர் உண்டு. இப்புறத்தில் மலையாளியைத் தந்திரக்காரன் என்று ஒரே சொல்லில் முடிப்போர் உண்டு. 2020-ஆம் ஆண்டு கொள்ளை நோய்க் காலத்தில் பாறசாலையை அடுத்த இஞ்சிவிளைச் சோதனைச்சாவடியில் பயணிகள் நிறுத்தப்பட்டபோது, சோதனை நியாயமே. ஆயினும் எல்லை தாண்டி வந்தவன் என்றாலே நோயைக் கொண்டுவந்தவன் என்று பார்த்த பார்வைக்கு எந்த நியாயமும் இல்லை. அந்தப் பார்வை இருபுறமும் இருந்தது.

தில்லியிலோ மும்பையிலோ 'மதராசி' என்ற ஒரு சொல்லுக்குள் தம்மை அடைத்துவிட்டபோது உண்டான கசப்பை நம்மில் பலர் அறிவர். பெயரும் ஊரும் படிப்பும் துயரமும் உள்ள ஒரு மனிதன் அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகிறான். அக்கசப்பை அறிந்த நாம், நம் அடுத்த வீட்டு வங்காளியையோ, பீகாரிலிருந்து நம் ஊருக்குக் கட்டட வேலைக்கு வரும் இளைஞனையோ, எப்படிப்பட்ட சொல்லுக்குள் அடைக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அயலூரில் வாழ்கிறவன் தீர்ப்புக்கு ஆளாகிறவன். அவனுக்கே பிறரைத் தீர்க்கும்போது கை நடுங்க வேண்டும்.

இறுதியாக ஒரு காட்சி. யோவான் எட்டாம் அதிகாரத்தில், தவறான நடத்தையில் பிடிபட்ட பெண் ஒருத்தியை இயேசுநாதர்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றனர். கையில் கல் இருக்கிறது. சட்டமும் அவர்கள் பக்கம் இருக்கிறது. அவர் குனிந்து தரையில் எழுதுகிறார். உங்களில் பாவமில்லாதவர் முதலில் கல்லெறியட்டும் என்ற கருத்தில் ஒரு சொல் கூறுகிறார். பெரியவர்கள் முதற்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறுகின்றனர். எஞ்சி நின்ற அவளிடம் அவர் இரண்டு செய்திகள் சொல்கிறார். நானும் உன்னைக் குற்றவாளியாகத் தீர்க்கவில்லை என்பது ஒன்று. இனிப் பாவம் செய்யாதே என்பது மற்றொன்று.

முதற்செய்தியில் பழி நீங்கியது. இரண்டாம் செய்தியில் தீர்ப்பு நின்றது. அவள் செய்தது தவறே என்பதை அவர் மறைக்கவில்லை. அத்தவறே அவள் என்று சொல்லவும் இல்லை. இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்ல வல்லவன் மட்டுமே பிறனைத் திருத்தத் தகுதி பெற்றவன்.

அலுவலகத்தில் இன்றும் ஒரு குறிப்பைத் தமிழாக்கும்போது, 'குறைவு' என்ற சொல் வந்தால் என் பேனா சற்றே நிற்கும். குறைவு என்றே எழுதிவிட்டு மேலே செல்வேன்.